சொல்லை அனுப்பாதீர்கள், காதில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த அரையாண்டுக்கான சுற்றறிக்கை கிடைத்தது. கூட்டத்துக்குள் வருகிறவர் கதவருகே சொல்ல வேண்டிய, அரையாண்டுக்கு ஒருமுறை மாறும் வாசல் சொல்லை இனி வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்பை முன்னிட்டு அது எழுத்தும் எண்ணும் கலந்து கம்ப்யூட்டர் தயாரிப்பதாக இருக்குமாம். சந்தா பாக்கி உள்ளவர்களின் எண்கள் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிடுமாம். "கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்று கடைசி வரியில் போட்டிருப்பதால் எழுதுகிறேன். வழக்கமாகப் போடுகிற வரிதான் அது என்று தெரியும். இருந்தாலும் போட்டுவிட்டீர்கள்.

பன்னிரண்டு வருடம் நம் சங்கத்தின் வாசலில் நின்றவன் நான். தலைவர், பொருளாளர் பதவிகளுக்கு ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. கதவில் இருக்கும் சின்ன மரச்சட்டத்தை நகர்த்தி, துவாரத்தில் காதை வைத்து, வெளியே நிற்பவர் சொல்வதை வாங்கிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்குவது என் வேலை. அந்தத் துவாரம் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. முகம் முழுதாகத் தெரியாது. ஓர் உதடு, கொஞ்சம் மீசை, மூச்சுக்காற்று, அவ்வளவுதான். சளி பிடித்தவர் யார், படியேறி இளைப்பவர் யார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் யார் என்பது சொல் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ரகசியத்தைப் பற்றித் திறந்த மடலா என்று கேட்பீர்கள். நம் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. நான் குறிப்பிடப்போகும் சொற்கள் மற்ற சங்கங்களுடையவை, பல தலைமுறைகளாக அச்சில் கிடப்பவை. அப்புறம், இதை மூடி அனுப்பினால் அடுத்த கூட்டத்தில் "வந்த கடிதங்கள் பதிவு செய்யப்பட்டன" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த வரியும் தெரியும்.

பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறேன். கம்ப்யூட்டரில் நாம் போடுகிற கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் உரியது. அதை மனைவிக்குக்கூடச் சொல்லாதே என்கிறார்கள். வாசல் சொல் அப்படிப்பட்டதா? நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே சொல். நூறு பேருக்குத் தெரிந்ததை ரகசியம் என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். "நான் இன்னார்" என்று அது சொல்வதில்லை. "நான் உங்களில் ஒருவன், போன கூட்டத்துக்கு வந்த ஒருவர் என்னை நம்பி இதைக் கொடுத்தார்" என்று சொல்கிறது. இரண்டு வேலையும் வேறு வேறு. ஒன்றுக்கு இருக்கும் பூட்டை மற்றதற்கு மாட்டப் பார்க்கிறீர்கள்.

கம்ப்யூட்டரை ரொம்ப நம்பவும் வேண்டாம். கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1960களின் தொடக்கத்தில், பல பேர் பங்குபோட்டுப் பயன்படுத்திய ஒரு எந்திரத்துக்காகச் செய்தது. 1966இல் அங்கே ஒரு கூத்து நடந்தது. உள்ளே நுழைபவர்களுக்குக் காட்டும் வரவேற்புச் செய்தியும், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பும் இடம் மாறிவிட்டன. நுழைந்தவர்களுக்கெல்லாம் வணக்கத்துக்குப் பதில் ஊர்ப்பட்ட கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. நம் வாட்ஸ்அப் குழுவுக்கு அவ்வளவு தொழில்நுட்பம் தேவையில்லை. காலை வணக்கம் படத்தை ஃபார்வர்ட் செய்கிற விரல் ஒன்று போதும்.

இலக்கண வகுப்பில் குழூஉக்குறி படித்திருப்போம். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொள்ளும் சொல் அது, பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாமல் இருக்க. வாசல் சொல் அதற்குச் சித்தப்பா பிள்ளை முறைதான், உடன்பிறப்பு ஆகாது. குழூஉக்குறி உள்ளே பேசுவதற்கு. இது உள்ளே வருவதற்கு. உள்ளே வந்தபிறகு அந்தச் சொல்லை யாரும் பேச்சில் பயன்படுத்துவதே இல்லை. வாசற்படியில் பிறந்து வாசற்படியிலேயே முடிந்துபோகிறது.

இதன் மூத்த உறவு ராணுவத்தில் இருக்கிறது. ரோமானியப் படைமுகாமில் இரவுச் சொல் எப்படிச் சென்றது என்பதை பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். முகாம் வரிசைகளின் கடைக்கோடியில் இருக்கும் பிரிவிலிருந்து ஒரு வீரன் பொழுது சாயும் நேரத்தில் அதிகாரியின் கூடாரத்துக்குப் போவான். சொல் எழுதிய சிறு மரப்பலகை ஒன்றை வாங்கி வருவான். சாட்சிகள் முன்னிலையில் அதை அடுத்த பிரிவின் தலைவரிடம் கொடுப்பான். அவர் அதற்கடுத்தவரிடம். இப்படிக் கைமாறிக் கைமாறி, இருட்டுவதற்குள் பலகை அதிகாரியிடமே திரும்பிவிட வேண்டும். திரும்பிவிட்டால் சொல் எல்லோரையும் அடைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பலகை குறைந்தால், அதிலிருக்கும் அடையாளத்தை வைத்து எந்த வரிசையில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு நீல டிக்கைப் பார்த்துத் திருப்தி அடைகிற நமக்கு இது புரியும். ஆனால் நம் டிக், திரையை யாரோ தொட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். அங்கே ஒவ்வொரு பலகையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு முன்னால் போனது.

சொல்லை அளவுக்கு மேல் புழங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகருக்கு மேலிருந்த எபிபொலே மேட்டில் ஏதென்ஸ் படை இரவில் தாக்கியது. இருட்டு, குழப்பம். எதிரே வருவது நண்பனா பகைவனா என்று தெரியாமல் ஏதென்ஸ் வீரர்கள் சந்தித்தவர்களிடமெல்லாம் "சொல் என்ன, சொல் என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பதில் சொன்னதில் எதிரிக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் மாட்டிக்கொண்ட எதிரி அதே சொல்லைச் சொல்லித் தப்பினான். எதிரியின் சொல் தெரியாத ஏதென்ஸ்காரன் செத்தான். அந்தப் போரின் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். சொல் தோற்றது பலவீனமான சொல்லாக இருந்ததால் இல்லை. அதில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தாலும் அன்று இதேதான் நடந்திருக்கும்.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் ஷிபோலேத் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். போரில் தோற்று ஓடும் எப்பிராயீம்காரர்களைப் பிடிக்க, யோர்தான் ஆற்றுத் துறையில் கீலேயாத்தியர்கள் காவல் நிற்கிறார்கள். கடக்க வருகிறவனை "ஷிபோலேத்" சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீம்காரன் நாக்கில் 'ஷி' வராது, "சிபோலேத்" என்பான். அங்கேயே வெட்டினார்கள். நாற்பத்திரண்டாயிரம் பேர் என்று சொல்கிறது ஆகமம். இங்கே சொல் ரகசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காவல்காரனே சொல்லைச் சொல்லிக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்கிறான். பிறந்து வளர்ந்த நாக்குதான் காட்டிக்கொடுக்கிறது. நம் ழகரத்தை வைத்து யாராவது ஆற்றங்கரையில் நின்றால் நம்மவர்களிலேயே எத்தனை பேர் கரை சேர்வோம் என்று நினைத்துப் பார்த்ததுண்டு.

இந்தக் கொடூரமான சொல்லைத்தான் ஃபிரீமேசன்கள் என்ற பழைய சகோதரச் சங்கத்தார் எடுத்து, உறுப்பினர்களின் மூன்று படிகளில் இரண்டாம் படிக்குப் போகிறவரிடம் கொடுத்தார்கள். எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்றும் பொருள், நீரோட்டம் என்றும் பொருள். மேசன் சடங்கில் அதற்குரிய படம், அருவி ஓரத்தில் ஒரு கதிர். விளைச்சல், செழிப்பு என்று விளக்கம் சொல்கிறார்கள். ரத்தக்கறை படிந்த சொல்லைக் கழுவிக் கதிராக்கியிருக்கிறார்கள். அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் அதை வாங்கியவன் வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்க ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. அவர்களுடைய இன்னும் இரண்டு சொற்கள் யாகீன், போவாஸ். விவிலியத்தில் வரும் சாலொமோன் அரசரின் ஆலய முகப்பில் நின்ற தூண்களின் பெயர்கள். நிலைநிறுத்துவார் என்று ஒன்றுக்குப் பொருள். வலிமையில் என்று மற்றதற்கு. கதவைத் தாண்டும்போது இரண்டு தூண்களுக்கு நடுவே நடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வது அழகாகத்தான் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் தருகிற 'கேஏழுடிஎக்ஸ்நாலு' வகையறாவை வாங்கிக்கொண்டு ஒருவன் என்ன யோசிப்பான்? எங்கே குறித்துவைப்பது என்று யோசிப்பான்.

சொல்லின் பொருள் முக்கியமே இல்லை என்று நினைத்த ஒரு ராஜா உண்டு. இல்லை, முக்கியம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு வம்பு செய்தவர். ரோமப் பேரரசர் கலிகுலா. காவற்படை அதிகாரி கேசியஸ் கேரியா அன்றைய சொல்லைக் கேட்க வரும்போதெல்லாம், அவருடைய ஆண்மையைக் கிண்டல் செய்யும் சொற்களாகப் பார்த்துக் கொடுப்பாராம்: காதல் தேவதை 'வீனஸ்', ஆண்குறித் தெய்வம் 'பிரியாபஸ்' என்று. கேரியா அதைப் போய்த் தன் வீரர்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். கி.பி. 41இல் கலிகுலாவைக் கொன்றவர்களில் முன்னால் நின்றவர் அந்த கேரியா.

சரி, சங்கங்களுக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் கல்தச்சர்களிடம் 'மேசன் சொல்' என்று ஒன்று இருந்தது. அது தத்துவத்துக்காக வந்ததில்லை, கூலிக்காக வந்தது. முறையாகத் தொழில் பழகியவன் யார், பழகாமல் வந்து வேலையைக் கெடுப்பவன் யார் என்று தெரிய வேண்டும், சான்றிதழ் கிடையாது. பழகாதவனை 'கோவன்' என்றார்கள். கில்வின்னிங் சங்கம் 1707இல் கோவன் என்றால் யார் என்று எழுதிவைத்தது: சொல் இல்லாதவன். அவ்வளவுதான் விளக்கம். மேசன்களின் பெரிய கதையான, சாலொமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைத் தச்சர் ஹிராம் அபிஃப் கதையும் கூலியில்தான் தொடங்குகிறது. மூத்த தச்சர்களுக்கான சொல் தெரிந்தால் மூத்தவர்களின் கூலி கிடைக்கும் என்று மூன்று பேர் ஹிராமை மடக்கிக் கேட்கிறார்கள். நேரம் வரட்டும் என்கிறார் அவர். கொன்றுவிடுகிறார்கள். உண்மையான சொல் அவரோடு போய்விட்டது, இன்று கொடுப்பது அதற்குப் பதிலாக வைத்த சொல் என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான். தங்கள் ஆகப்பெரிய ரகசியம் தொலைந்துபோய்விட்டது, கையில் இருப்பது மாற்றுச் சொல் என்று ஒரு சங்கம் தன் உறுப்பினரிடமே ஒப்புக்கொள்கிறது.

1696 என்று தேதியிட்ட ஒரு கையெழுத்துப் பிரதி எடின்பரோவில் இருக்கிறது. சொல் பெற்றவர்களை அடையாளம் காண மேசன்கள் கேட்கும் கேள்விகள் அதில் உள்ளன. புதியவனைச் சேர்க்கும் முறையும் இருக்கிறது. அவனை வெளியே கூட்டிப்போய் ஆயிரம் கோணங்கித்தனம் செய்து பயமுறுத்த வேண்டுமாம் (கல்லூரி விடுதிகளில் செய்வது ஒன்றும் புதிதில்லை). பிறகு அவன் உள்ளே வந்து உறுதிமொழி சொல்கிறான். அப்போது கூடியிருக்கும் எல்லோரும் சொல்லைக் காதோடு காதாகக் கடத்துகிறார்கள். வயதில் இளையவரிடம் தொடங்கி ஒவ்வொருவராகக் கடந்து மூத்த மேசனிடம் வந்து சேர்கிறது. அவர் புதியவனுக்குக் கொடுக்கிறார். மூத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்தானே? நேராகவே கொடுத்துவிடலாமே? கொடுக்கவில்லை. எல்லோருடைய வாய் வழியாகவும் வந்த சொல் அவனுக்குப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மேசன்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. சொல்லை ஒருவரே முழுதாகச் சொல்ல மாட்டார். ஓர் எழுத்து நீ, அடுத்த எழுத்து நான். அல்லது பாதி நீ, பாதி நான். கேட்பவனும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவர்கூட "நீங்கள் யார், உங்களுக்குச் சொல் தெரியுமா" என்று திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ரகசியம் கசிந்தால் என்ன செய்வது என்ற உங்கள் கவலைக்கு இப்போது வருகிறேன். 1730 அக்டோபரில் சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் லண்டனில் ஒரு சிறு நூல் போட்டார். மேசன் சடங்குகளும் சொற்களும் மூன்று படிகளுக்கும் அதில் இருந்தன. சுடச்சுட விற்று, அந்த மாதத்திலேயே மறுபடி மறுபடி அச்சானது. வாங்கியவர்களில் மேசன்களும் நிறையப் பேர், மனப்பாடம் செய்ய வசதியாக. இங்கிலாந்து மேசன்களின் தலைமைச் சங்கமான கிராண்ட் லாட்ஜ் பதறிப்போய், வெளியாட்களைத் தடுப்பதற்காக, முதல் இரண்டு படிகளின் சொற்களை இடம் மாற்றிவிட்டது. பாதுகாப்பு நடவடிக்கை. விளைவு என்ன? பழைய முறையிலேயே சொல் பெற்றவர்கள், "எங்கள் சொல்லை மாற்ற இவர்கள் யார்" என்றார்கள். 1751இல் 'பழையவர்கள்' என்ற பெயரில் போட்டி கிராண்ட் லாட்ஜ் உருவானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த குற்றச்சாட்டுகளில் இந்தச் சொல் மாற்றம் முக்கியமானது. இரண்டும் மறுபடி ஒன்றுசேர 1813 ஆயிற்று, அதுவும் சொற்களைப் பழையபடி திருப்பி வைத்த பிறகு. திருடனைத் தடுக்கப் பூட்டை மாற்றி, அண்ணன் தம்பியை வெளியே நிறுத்திய கதை.

(சங்கக் கிளையைக் குறிக்கும் லாட்ஜ் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. சேர்ந்த புதிதில் "லாட்ஜுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதற்கு என் மனைவி அக்கம்பக்கத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.)

என் அண்ணன் மகன் போன வருடம் நம் சங்கத்தில் சேர்ந்தான். "சித்தப்பா, எல்லா சங்கத்துச் சொல்லும் நெட்டில் கிடக்குது. இதுல என்ன ரகசியம்? ராமானுஜர் மாதிரி கோபுரத்துல ஏறிச் சொல்லிட்டுப் போயிடலாமே" என்றான். நல்ல கேள்வி. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை ராமானுஜர் எல்லோருக்கும் கொடுத்தார் என்பார்கள். அந்தச் சொல் எத்தனை பேர் சொன்னாலும் குறையாதது என்று அவர் நம்பினார். வாசல் சொல்லில் அப்படி மோட்சம் எதுவும் அடைத்துவைக்கப்படவில்லை. கோபுரத்தில் ஏறிக் கத்தினால் கீழே நிற்பவர்களுக்கு ஒரு மரத்தின் பெயரோ ஒரு நற்குணத்தின் பெயரோ கேட்கும், அவ்வளவுதான். அவனிடம் நான் சொன்னது இது: ஒரு பைசாவுக்குப் பெறாத ரகசியத்தை உன்னிடம் கொடுக்கிறோம். அதைக் காப்பாற்றுவதில் உனக்கு லாபமும் இல்லை, வெளியே சொன்னால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. அப்படிப்பட்டதை ஆறு மாதம் வைத்துக்கொள்கிறாயா என்று பார்க்கிறோம். பிறகுதான் உன்னிடம் ஒருவர் தன் மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ சொல்வார்.

அவன் ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரகசியத்தின் பெயரால் நடந்த அநியாயங்களையும் மறைக்க விரும்பவில்லை. 1826இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியாவில் வில்லியம் மார்கன் என்பவர் மேசன் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்தார். சின்னக் கடன் ஒன்றைக் காட்டி அவரைச் சிறையில் வைத்தார்கள். வெளியே எடுத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. புத்தகம் எப்படியும் வெளிவந்தது. கடத்தியவர்களுக்குக் கிடைத்த தண்டனை அற்பம். மக்கள் கொதித்ததில் மேசன் எதிர்ப்புக் கட்சி ஒன்றே பிறந்து, 1832 அதிபர் தேர்தலில் வெர்மாண்ட் மாநிலத்தை வென்றது. ஏற்கெனவே நூறு வருடமாக அச்சில் இருந்த சொற்களுக்காக ஒரு மனிதனை இல்லாமல் ஆக்கினார்கள். சொல்லின் மேல் இப்படிப்பட்ட வெறி வந்தால் அந்தச் சங்கத்தை இழுத்து மூடுவதே மேல்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1833இல் இங்கிலாந்தின் டோல்புடில் கிராமத்தில் விவசாயக் கூலிகள் கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் வைத்தார்கள். கூலி கேட்டதற்குத் தண்டிக்கச் சட்டம் இல்லை. சேரும்போது ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று பிடித்து, கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட சட்டத்தைக் காட்டி, அவர்களில் ஆறு பேரை 1834இல் ஏழு வருடத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஊரே கிளர்ந்தெழுந்து 1836இல் மன்னிப்பு வாங்கிக் கொடுத்தது. எளியவர்களுக்கு ரகசியம் ஒரு குடை. அதைப் பெரிய மனிதர்கள் விளையாட்டுக்கு விரிப்பதற்கும், மழையில் நிற்பவன் விரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இனி மூன்றாவது விஷயம், சந்தா பாக்கி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சந்தாவுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு பழையதுதான். ஆட் ஃபெல்லோஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு சொல் மாறும். பாக்கி இல்லாதவருக்குத்தான் புதுச் சொல். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவருக்குப் பயணச் சொல் என்று தனியாக ஒன்று உண்டு. முகம் தெரியாத ஊரில் கதவைத் தட்டிச் சொன்னால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, உதவியும் செய்வார்கள். உடம்பு முடியாதவருக்கு வாரப்பணம், இறந்தால் அடக்கச் செலவு என்று எல்லாம் அந்தச் சந்தாவிலிருந்து. அரசாங்கம் கைவிட்ட காலத்தில் ஒரு தொழிலாளிக்கு அந்தச் சொல் காப்பீட்டு அட்டை மாதிரி. அதனால் கணக்குப் பார்த்துக் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே சங்கங்களில் உடம்பு முடியாதவரை நேரில் போய்ப் பார்ப்பதும் கடமை. சொல்லை நிறுத்துகிற கைதான் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும்.

நாம் தட்டவில்லை. நான் வாசலில் நின்ற நாலாவது வருடம் ஒரு நாள், கூட்டம் தொடங்கியபிறகு மூன்று தட்டு கேட்டது. சட்டத்தை நகர்த்தினேன். நம் சங்கத்தின் மூத்த சகோதரர் ஒருவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், என்னைச் சேர்த்துவிட்டவர்களில் ஒருவர். குரலே சொல்லிவிட்டது. ஆனால் அவர் சொன்னது போன அரையாண்டுச் சொல். "அண்ணா, அது முடிஞ்சுபோச்சு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அதற்கு முந்தைய சொல்லைச் சொன்னார். பிறகு அதற்கும் முந்தையது. ஒரு நதி, ஒரு குணம், ஒரு பூ. வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஆறாவதோ ஏழாவதோ நான் கேட்டே இராத சொல். நான் சேர்வதற்கு முந்தைய காலத்தது.

உள்ளே தலைவர் மேசையைத் தட்டி, வழக்கம்போல, "வாசல் பத்திரமா?" என்று கேட்டார். "பத்திரம்" என்றேன். சட்டத்தை மூடினேன்.

படியிறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக வீட்டோடு இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு தவணை பாக்கி என்று கணக்குப் புத்தகத்தில் இருந்தது. காரணம் என்ற பத்தி அந்தப் புத்தகத்தில் கிடையாது. நானும் கேட்டதில்லை. விதியை மீறவில்லை என்று எனக்கு அன்று ஒரு பாராட்டும் கிடைத்தது, அது உங்கள் பழைய குறிப்பேட்டில் இருக்கும்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். நான்தான் தயங்கினேன், அவர் நேராக வந்து கையைப் பிடித்தார். சங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "தம்பி, அன்னிக்கு வாசல்ல கேட்டியே, என்ன சொல் அது?" என்றார். அதற்குள் அந்தச் சொல் செத்து எட்டு அரையாண்டு ஆகியிருந்தது. செத்த சொல்லையும் வெளியாளிடம் சொல்லக்கூடாது என்பது நம் விதி. விதிப்படி அவர் வெளியாள். குனிந்து அவர் காதில் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அதுவா? நல்ல சொல்" என்றார்.

ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள். இதோ எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் தரப்போகும் கலவையைக் கேட்டு யாரும் "நல்ல சொல்" என்று சொல்லப்போவதில்லை. பட்டியலிலிருந்து எண் தானாக நீங்கிவிட்டால், நான் பட்ட சங்கடம்கூட இனி யாருக்கும் இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று சட்டத்தை மூடியது என் கை, அது எனக்குத் தெரியும். நாளைக்கு யாருடைய கை?

பிரான்ஸில் கிராண்ட் ஓரியண்ட் என்ற தலைமைச் சங்கத்தைச் சேர்ந்த மேசன்களிடம் 1770களில் தொடங்கிய அரையாண்டுச் சொல் இருக்கிறது, ஏறத்தாழ நம்முடையதைப் போல. சொல் முத்திரையிட்ட உறையில் வரும். எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். தலைவர் வலது பக்கத்தவர் காதிலும் இடது பக்கத்தவர் காதிலும் சொல்வார். இரண்டு பக்கமும் சுற்றி வந்து அவரிடமே திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பினால் காகிதத்தை எரித்துவிடுவார்கள். தப்பாகத் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. இதற்குச் செலவு கால் மணி நேரம். நம் கூட்டத்தில் தேநீர் இடைவேளை அதைவிட அதிகம்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரையாண்டின் முதல் கூட்டத்தில் சொல்லை வாயால் கொடுங்கள். அர்த்தமுள்ள ஒரு சொல்லாகப் பார்த்து, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு வரி பேசுங்கள். வர முடியாதவருக்கு, வந்த ஒருவர் வீட்டுக்குப் போய்க் கொடுக்கட்டும். போனில் கூப்பிட்டால்கூடச் சரி, குரலாவது போகும். பாக்கி வைத்திருப்பவருக்குச் சொல்லை நிறுத்துவதற்கு முன்னால் இரண்டு பேர் போய் அவரைப் பார்த்துவிட்டு வரட்டும். போய்ப் பார்த்தோம் என்று அந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு நிறுத்துங்கள், நான் எதிர்க்க மாட்டேன். கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பத்திக்கு இடம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகவே முடிவானால், என் எண்ணுக்கு வரும் செய்தியைத் திறக்காமல் அழித்துவிடுவேன். முதல் கூட்டத்துக்கு அரைமணி முன்னதாக வந்து தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பேன். சொல்லை அங்கே வைத்துக் கொடுங்கள். வலது காதில் சொல்லுங்கள். இடது காது இப்போதெல்லாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசல்காரன்